பத்து லட்சம் வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் கேட்க வேண்டிய கணக்கு

கேள்வி: காங்கயம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். சாயப்பட்டறைக் கழிவால் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறி, தென்னை கருகுகிறது. சட்டக் கல்லூரி சட்ட உதவி மையத்தார் வந்து இலவசமாக உதவுவதாகச் சொன்னார்கள். ஊர்க்காரர் ஒருவரோ, வீட்டுக்கு 5,000 ரூபாய் கொடுத்தால் பசுமைத் தீர்ப்பாயத்தில் (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான மன்றம்) ஆளுக்குப் பத்து லட்சம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மாணவர்களை நம்பலாமா?

பதில்: நம்பலாம், எதற்கு என்று தெரிந்துகொண்டு. மாணவர்கள் உங்களுக்காக வாதாட முடியாது. அதற்குப் பதிவு பெற்ற வழக்கறிஞர் வேண்டும், அல்லது நீங்களே நேரில் பேசலாம். ஆனால் இந்த வழக்குகளில் பாதி வேலை காகிதத்தில்தான். தீர்ப்பாயத்தில் ஆங்கிலம், உங்கள் கையில் உள்ள பட்டா, மனு ரசீது எல்லாம் தமிழ். மொழிபெயர்ப்பது, தேதிவாரியாக அடுக்குவது, வரைபடம் போடுவது எல்லாம் மையம் செய்துதரும். வழக்கறிஞருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் (தொலைபேசி 15100) மனு போடுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. நிலம் மனைவி பெயரில் இருந்தால் அவரே மனுதாரராகட்டும்.

இப்போது அந்த ஊர்க்காரர். நட்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கேட்டால், கேட்கும் தொகையில் 1 சதவீதம். பத்து லட்சத்துக்கு 10,000 ஆகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குத்தான் விலக்கு. அப்படியானால் 5,000 வாங்கிக்கொண்டு அவர் போடப்போவது என்ன? நட்டஈடே கேட்காத மனு. அல்லது மனுவே இல்லை. வரும் தொகையில் பங்கு என்று வழக்கறிஞர் பேரம் பேசவும் பார் கவுன்சில் விதி தடை. வெற்று வக்காலத்தில் (வழக்கறிஞருக்கு உங்கள் சார்பில் அதிகாரம் தரும் படிவம்), வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். அதை வைத்து ஆலையோடு சமரசம் பேசி முடித்துவிட்டு உங்களிடம் வந்து கையை விரிப்பார்கள்.

காலக்கெடுவில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். திங்கள்கிழமை ஆட்சியரிடம் மனு கொடுப்பார்கள். அது மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு மேசைக்கு. கடைசியில் 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு கடிதம் வரும். அதுவரை காலம் உங்களுக்காக நிற்காது. தீர்ப்பாயத்தில் மனு போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அழுத்திச் சொல்கிறேன்: நட்டஈடும், நிலத்தையும் கிணற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் கேட்டால் ஐந்து ஆண்டு அவகாசம். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு பிரிவு 14-இல், ஐந்தாண்டு பிரிவு 15-இல். தென்னை இரண்டு வருடமாகக் கருகுகிறது என்றால் 'காலம் போய்விட்டது' என்று யார் சொன்னாலும் திரும்பி வராதீர்கள். பிரிவு 15-ஐக் காட்டுங்கள்.

தண்ணீர் மாதிரியை நீங்களே எடுக்கலாம். புதிய இரண்டு லிட்டர் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். நாள், நேரம், சர்வே எண் எழுதி, பனிக்கட்டியில் வைத்து அன்றே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். பூச்சிமருந்து டப்பா வேண்டாம். கழிவு ஓடையில் கலக்கும் இடத்துக்கு மேலே, அது எட்டாத கிணற்றிலும் ஒரு மாதிரி எடுங்கள். அது இல்லாவிட்டால் 'இந்தப் பக்கத்துத் தண்ணீரே உப்புதான்' என்று ஆலை சொல்லிவிடும். ஆலை மீது குற்ற வழக்குப் போட இந்த அறிக்கை போதாது. அதற்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்கு அறிவித்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு எடுக்க வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தைச் சாட்சியச் சட்டம் கட்டுப்படுத்தாது. அது நேரில் வந்து ஆய்வு செய்யும் கூட்டுக் குழுவை அமைக்க உங்கள் அறிக்கை உதவும். குழு வரும் தேதி ஆலைக்கு எப்படியோ முன்பே தெரிந்துவிடும். அன்று கால்வாயில் தண்ணீர் கண்ணாடி போல ஓடும். கிணற்று நீரும் ஓடை வண்டலும் எடுக்கச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள். வண்டலை ஒரே இரவில் கழுவ முடியாது.

தீர்ப்பாயத்துக்குப் போகும் முன், 10 ரூபாய் கட்டணத்தில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமை மனு. ஆலையின் இயக்க இசைவாணை (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி) நகல், கடைசி ஆய்வு அறிக்கைகள், கழிவுநீர் அளவுமானிப் பதிவு ஆகியவற்றைக் கேளுங்கள். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று எழுதினால் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்டால் 30 நாளில் தர வேண்டும்.