அலாய், லோயரிங், பெயிண்ட்: வேலூர் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

சஸ்பென்ஷன், டயர், அலைன்மென்ட் என் வேலை. அதில் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லோயரிங், அதாவது வண்டியைத் தாழ்த்துவதற்காக, ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள்.

காட்பாடி: அண்ணா, ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ., 165/80 ஆர் 14 டயர். 16 இஞ்ச் அலாய் போட்டா ஸ்பீடோமீட்டர் தப்பா காட்டுமா?

ரிம் எத்தனை இஞ்ச் என்பதை விட, டயரோடு சேர்த்து மொத்த விட்டம் எவ்வளவு என்று பாருங்கள் தம்பி. உங்கள் 165/80 ஆர் 14 சுமார் 620 மி.மீ. மேல் வேரியண்டில் கம்பெனியே தருகிற 185/65 ஆர் 15-ம், நீங்கள் கேட்கிற 195/55 ஆர் 16-ம் 621-தான். அதனால் ஸ்பீடோமீட்டர் மாறாது. மாறுவது டயரின் பக்கச்சுவர். இப்போது 132 மி.மீ. இருக்கிறது, 16-ல் 107 ஆகிவிடும். பள்ளத்தில் இறங்கினால் அந்த அடியை ரப்பருக்குப் பதில் ரிம் வாங்கும். இரும்பு ரிம் வளைந்தால் தட்டி எடுக்கலாம், அலாய் விரிசல் விடும். என்னைக் கேட்டால் 15 போதும், மிச்சக் காசில் நல்ல டயர் வாங்குங்கள்.

வாங்கும்போது 4 போல்ட், 100 மி.மீ. பி.சி.டி. (போல்ட் வட்டத்தின் விட்டம்) என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஸ்விஃப்ட் ஹப்புக்கு (வீல் மாட்டுகிற நடுப்பகுதி) வீலின் நடுவில் 54.1 மி.மீ. ஓட்டை வேண்டும், வெளி மார்க்கெட் வீல்களில் அது பெரிதாக இருக்கும். இடைவெளிக்கு ஹப் ரிங் போடாவிட்டால் பெங்களூரு ஹைவேயில் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் உதறும், நீங்கள் பேலன்சிங் சரியில்லை என்று கடை கடையாக அலைவீர்கள். நட்டும் அந்த வீலின் உட்காரும் வடிவத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மாட்டி 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை டார்க் ரென்ச் வைத்து இறுக்கம் பார்த்துவிடுங்கள்.

பாகாயம்: ஐ20-க்கு 17 இஞ்ச் போகுமா?

போகும். நம் ஊர் ரோட்டுக்கு வேண்டாம். 16-ஓடு நிறுத்துங்கள்.

ராணிப்பேட்டை: கிரில் குரோமைக் கறுப்பாக்கணும், பக்கத்து கிளாடிங்கை பாடி கலருக்கு மாத்தணும். ஸ்ப்ரே கேன் போதுமா சார்?

இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக். கறுப்பு கிளாடிங் (பாடி ஓரத்து பிளாஸ்டிக் பட்டை) பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், அதில் பெயிண்ட் நேரடியாக ஒட்டாது. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, டாஷ்போர்டு பாலிஷ் எண்ணெய் துளிகூட இல்லாமல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நைஸ் எமரி போட்டு, பிளாஸ்டிக்குக்கான அடீஷன் புரொமோட்டர் (பெயிண்டை ஒட்ட வைக்கும் அடிப்பூச்சு) அடித்த பிறகுதான் கலர், அதற்கு மேல் கிளியர். புரொமோட்டரை விட்டால் வேலூர் வெயிலில் முதல் கோடையிலேயே தோல் உரிகிற மாதிரி உரியும். குரோமுக்கும் பளபளப்பு போகும்வரை எமரி போட வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பு வினைல் ஒட்டிவிடுங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். பார்க்கிங் சென்சார் மேல் அடிக்காதீர்கள். கிரில் லோகோவுக்குப் பின்னால் ரேடார் உள்ள வண்டி என்றால் லோகோவையும் தொடாதீர்கள்.

குடியாத்தம்: லோயரிங் ஸ்பிரிங் விலை தாங்கல. இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுத்து வெட்டினா என்ன?

வெட்டாதீர்கள். ஏன் என்று முழுதாகச் சொல்கிறேன். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் அது 20 சதவீதம் விறைக்கும். ஷாக் அப்ஸார்பர் பழைய விறைப்புக்குச் செய்தது, அதனால் வண்டி துள்ளும். உயரம் குறைந்ததால் ஷாக் ராடு எப்போதும் கீழேயே வேலை செய்யும், சின்ன மேட்டுக்கே பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் அடிவரை போகாமல் தடுக்கும் ரப்பர்) முட்டும். ஸ்பிரிங்கின் நுனி கப்பில் பொருந்தி உட்காரும்படி கம்பெனியில் வளைத்திருப்பார்கள், அதைத்தான் நீங்கள் வெட்டி எறிகிறீர்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்கச் சக்கரம் தொங்கும்போது குட்டை ஸ்பிரிங் தளர்ந்து கப்பை விட்டு நகரலாம். கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் அந்த இடத்தின் பதமும் போய்விடும்.

இன்னொரு கணக்கு. ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. விதிப்படி கட்டிய ஸ்பீடு பிரேக்கரே 100 மி.மீ. உயரம், நம் தெருக்களில் விதிப்படி எத்தனை இருக்கிறது? 40 மி.மீ. இறக்கி நாலு பேரை ஏற்றினால் மிச்சம் என்ன என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆம்பூர்: பெரியப்பா பையன் வண்டி கட் ஸ்பிரிங்கில்தான் ஓடுது. ஒண்ணும் ஆகல. நீங்க பயமுறுத்துறீங்க.

ஒண்ணும் ஆகலை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து, டார்ச் அடித்து, முன் டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். அப்புறம் ஷாக்கின் ரப்பர் உறையைத் தூக்கி, பம்ப் ஸ்டாப் முழுதாக இருக்கிறதா, தூளாகிவிட்டதா என்று பாருங்கள்.

வாணியம்பாடி: அலைன்மென்ட் பண்ணினா உள்தேய்மானம் சரியாகிடும்ல?

டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, சரியாகும். கேம்பர்? அது சக்கரத்தின் சாய்வு, வண்டி தாழ்ந்தால் மாறி உள் ஓரத்தைத் தேய்க்கும். பெரும்பாலான சின்ன கார்களில் முன்னால் அதைத் திருத்த கம்பெனி வழி எதுவும் வைக்கவில்லை. பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குத் தண்டு), அங்கே டோவைக்கூட திருத்த முடியாது.

சத்துவாச்சாரி: பலேனோவுக்கு 17 இஞ்ச்?

மேலே படியுங்கள்.

ஆற்காடு: ஆர்.டி.ஓ. பிடிப்பாங்களா?

பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி சொன்ன அமைப்பை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். பாடி கலர் முழுதாக மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அலாய் போட்டதை இன்ஷூரன்ஸிலும் சொல்லிவிடுங்கள்.

ஆரணி: சப்வூஃபர் எது நல்லது?

ஆடியோ ஆளைக் கேளுங்கள்.

ஆலங்காயம்: அலாயில் விரிசல். வெல்டிங் வைத்தால் ஓடுமா? அப்படியே 17 இஞ்ச்...

வெல்டிங் வைத்த வீலில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். வேறு வீல் வாங்குங்கள். 17 வேண்டாம், வேண்டாம்.

ஆம்பூர்: டார்ச் அடிச்சுப் பார்த்தோம். உள் ஓரத்துல நூல் தெரியுது. பம்ப் ஸ்டாப் தூளாதான் இருக்கு. இப்ப என்ன பண்றது?

பார்த்ததற்கு நன்றி தம்பி. அந்த வண்டியை இனி ஹைவேயில் ஏற்ற வேண்டாம். ஒரிஜினல் ஸ்பிரிங் ஜோடியாக வாங்குங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. பின்னாலும் வெட்டியிருந்தால் அந்த ஜோடியும். பம்ப் ஸ்டாப், மேல் மவுண்ட் புதிது. ஷாக்கில் எண்ணெய் கசிந்திருந்தால் அதுவும் ஜோடியாக. எல்லாம் மாட்டிய பிறகு புது டயர், கடைசியாக அலைன்மென்ட். அலைன்மென்ட் ஷீட்டை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.