பல் பிடுங்கிய குழியில் புகையிலை வைக்கலாமா?

பல் வைத்தியர் பதில்கள்

கேள்வி: டொக்டர், எனக்கு 46 வயது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். மறுநாளே மலைக்குப் போனேன். ஞாயிறு முழுக்கப் பெரிதாக வலி இல்லை. திங்கள் விடியற்காலையிலிருந்து காது வரைக்கும் குத்துகிறது, வாயும் நாறுகிறது. பனடோல் கேட்கவில்லை. வேரை உள்ளே விட்டுவிட்டார்களா? மாமியார் குழியில் புகையிலை அடைக்கச் சொல்கிறார். மேல் பல் ஒன்றும் பிடுங்க இருக்கிறது. பிடுங்கினால் கண் பார்வை போகுமாமே, உண்மையா?
(வாசகி, பொகவந்தலாவை)

பதில்: அக்கா, கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த நம்பருக்கு அன்றைக்கே பேசிவிட்டேன். புகையிலை வேண்டாம், பல் பிடுங்கிய இடத்துக்கே திரும்பப் போங்கள் என்று சொன்னேன். இந்த இதழ் கைக்கு வரும்போது உங்கள் வலி நின்றிருக்கும். ஆனால் இதே வலியோடு லயத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

பல்லை எடுத்ததும் குழியில் இரத்தம் நிறைந்து, ஈரல் துண்டு மாதிரி கறுஞ்சிவப்பாக உறையும். அந்தக் கட்டிதான் குழிக்கு மூடி. அதன் மேல்தான் புது ஈறு வளரும். அது கரைந்தோ பெயர்ந்தோ போனால் உள்ளே எலும்பு தெரியும். கண்ணாடியை வைத்துப் பார்த்தால் சாம்பல் கலந்த வெள்ளையாக, கழுவிய கோழி எலும்பு போல இருக்கும். சோறும் எச்சிலும் காற்றும் நேரே எலும்பில் படும்போது வருவதுதான் இந்த வலி. நாங்கள் இதை ‘ட்ரை சொக்கெட்’ என்போம். முதல் நாள் குறைந்து, இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் திடீரென்று காதுக்கு ஏறினால் பெரும்பாலும் இதுதான். கீழ்க் கடைவாயில்தான் அதிகம். வேர் மிஞ்சியிருக்கிறதா என்பதை வைத்தியர் பார்த்தே சொல்ல வேண்டும், ஆனால் இந்த வலிக்கு வேர் மிஞ்ச வேண்டும் என்றில்லை.

குழியை உப்புநீரால் கழுவி, மருந்து தோய்த்த திரியை உள்ளே வைப்பார்கள். சில மணி நேரத்தில் வலி அடங்கத் தொடங்கும். ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். அந்த மருந்துகள் பலவற்றில் கராம்பிலிருந்து எடுத்த சத்து உண்டு, அதனால் நம் பாட்டிமார் கராம்பை நம்பியதில் தப்பில்லை. ஆனால் கடையில் வாங்கிய கராம்பு எண்ணெயை வீட்டில் குழிக்குள் ஊற்றினால் சதை வெந்துபோகும். புகையிலையோ ஆறவே விடாது. அதோடு சேர்த்து வெற்றிலையில் மெல்லும் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்த இந்தப் புண் ஒரு காரணமாகட்டும் அக்கா, கெஞ்சியே கேட்கிறேன்.

மறுநாளே மலைக்குப் போனீர்களே, அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. நான் எட்டாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் அம்மாவும் அப்படித்தான் போனார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் லீவு கேட்டதற்கு, “பல்லுக்கெல்லாம் லீவா?” என்றார்களாம். படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் போட்டு, பத்து மணிக்குள் வாயில் இரத்தம். அதைத் துப்பித் துப்பியே பறித்திருக்கிறார். மூன்றாம் நாள் இரவு துண்டால் தாடையை இறுகக் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு இரவுதான். கூடை சுமப்பதால் மட்டும் கட்டி விழுந்துவிடாது. குனிந்து பாரம் தூக்கினால் இரத்தம் மறுபடி கசியும், கசிந்தால் துப்புவோம், துப்பத் துப்பக் கட்டி பெயரும். பின்னால் பேராதனையில் பல் வைத்தியம் படிக்கும்போது இந்தப் பாடம் வந்த அன்று எனக்கு அம்மாவின் அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது. ஆகவே பல் பிடுங்கும் அன்றே வைத்தியரிடம் இரண்டு நாளுக்காவது மெடிக்கல் லீவுக்குத் துண்டு கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

அடுத்த பல்லுக்குச் சொல்கிறேன். பிடுங்கியதும் குழியில் வைக்கும் பஞ்சை அரை மணி நேரம் பேசாமல் கடித்திருங்கள். எச்சிலை விழுங்குங்கள், துப்ப வேண்டாம். அன்றைக்கு வாய் கொப்பளிக்கவே கூடாது. ஊசி போட்ட மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும், அது போகும்வரை உதட்டைக் கடித்துவிடாமல் பாருங்கள். நம் குளிருக்குக் கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ கேட்கும், தெரியும். ஆறவைத்தே குடியுங்கள். ரொட்டியை இரண்டு மூன்று நாள் தள்ளிவைத்து, கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு சாப்பிடலாம். மறுநாளிலிருந்து ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு, சாப்பிட்ட பிறகு வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்து விடுங்கள். பனடோல் 500 மில்லிகிராம் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் இருந்தால் வைத்தியரைக் கேட்டே போடுங்கள்.

இரத்தம் மறுபடி வந்தால் சுத்தமான துணியை மடித்துக் கடியுங்கள். தேயிலைப் பை இருந்தால் நனைத்து, ஆறவைத்துப் பிழிந்து கடிக்கலாம். தேயிலையில் உள்ள டானின் இரத்தத்தை உறைய வைக்கும். அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்க முடியாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். பார்வை போகாது. பல்லுக்கு ஒரு நரம்பு, பார்வைக்கு வேறு நரம்பு. பல்லின் நரம்புக்கு ஒரு கிளை கண்ணைச் சுற்றிப் போவதால் மேல் பல் வலித்தால் கண்ணும் வலிப்பது போல இருக்கும், அவ்வளவுதான். அப்புறம், நம் ஆட்கள் பல் பிடுங்க வருவதே பெரும்பாலும் நாற்பதைத் தாண்டித்தான். வெள்ளெழுத்து வருவதும் அதே வயதில். ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும் பழி பல்லின் மேல் விழுகிறது. மேல் பல்லைத் தைரியமாகப் பிடுங்குங்கள், கண்ணுக்குத் தனியாகக் கண்ணாடி போடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இருதய வருத்தம், தினமும் அஸ்பிரின் போடுகிறார். பல் பிடுங்க ஒரு கிழமைக்கு முன்னால் நிறுத்தலாமா?
(வாசகர், தலவாக்கலை)

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம் தம்பி. ஒரு பல்லுக்கு இரத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கசிவதை எங்களால் நிறுத்த முடியும், தேவைப்பட்டால் ஒரு தையல் போடுவோம். மருந்தை விட்டதால் மாரடைப்பு வந்தால் என்ன செய்வது? அப்பாவின் கிளினிக் கொப்பியையும் மருந்து அட்டைகளையும் அப்படியே எடுத்துக்கொண்டு போய், ஊசி போடுவதற்கு முன்னால் காட்டுங்கள். சீனி வருத்தம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். காலையிலேயே போனால் நல்லது. இரத்தம் கசிந்தாலும் பகலிலேயே திரும்பப் போய்க் காட்டலாம்.