குடும்பத்துக்கு நம்பகமான ஜப்பானிய எஸ்யூவி எது? டொயோட்டாவா, ஹோண்டாவா, மஸ்டாவா, நிசானா?

இரண்டு குழந்தைகள், கூடவே வயதான பெற்றோர், வாங்கினால் பத்து ஆண்டாவது வைத்திருக்கவேண்டும், டொயோட்டா ராவ்-4, ஹோண்டா சிஆர்-வி, மஸ்டா சிஎக்ஸ்-5, நிசான் எக்ஸ்-டிரெயில் இவற்றில் எந்த பிராண்டை நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் கேட்ட கேள்வி அப்படியே இதுதான். அன்று எனக்குக் கிடைத்த பதில், "ஜப்பான் வண்டிதானே, எதை வாங்கினாலும் ஓடும்" என்பது. அதை நம்பி வாங்கினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் கியர்பாக்ஸ் எந்த வகை என்று பாருங்கள். பிறகு என்ஜின், பிறகு எந்த ஆண்டு மாடல். முன்னால் ஒட்டியிருக்கும் முத்திரை அதற்கெல்லாம் பிறகுதான்.

நான் வாங்கியதும் ஜப்பானிய நிறுவனத்தின் வண்டிதான். பெயரைச் சொல்லப்போவதில்லை, ஒரு வண்டியை வைத்து ஒரு நிறுவனத்தையே எடைபோடுகிறாள் என்று யாரும் சொல்லவேண்டாம். அதில் இருந்தது பெல்ட் வகை சிவிடி, தானாகவே கியர் விகிதத்தை மாற்றிக்கொள்ளும் ஒரு கியர்பாக்ஸ். இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே ஓர் உலோகப் பட்டை. கப்பிகள் விரிந்து சுருங்குவதால் கியர் விகிதம் படிகளே இல்லாமல் மாறும். ஓட்டுவதற்கு வெண்ணெய் போல இருக்கும். ஆனால் அந்தப் பட்டை நழுவாமல் பிடித்துக்கொள்வதற்கு ஆயிலின் அழுத்தத்தைத்தான் நம்பியிருக்கிறது. ஆயில் கெட்டாலோ அளவுக்கு மீறிச் சூடேறினாலோ பட்டையும் கப்பியும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும்.

எழுபதாயிரம் கிலோமீட்டரில் மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மெல்லிய நடுக்கம் வந்தது. மேடு போட்ட சாலையில் ஓடுவது போல இருக்கும். சாலையோ வழுவழுப்பாக இருக்கும். தேதி, வேகம், ஏசி ஓடியதா இல்லையா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு சர்வீஸ் மையத்துக்குப் போனேன். "சிவிடி என்றால் அப்படித்தான் மேடம்" என்றார் அங்கிருந்தவர். ஆயிலை மாற்றலாமா என்று கேட்டேன். இது ஆயுள் முழுமைக்குமான ஆயில், தொடவே வேண்டாம் என்றார். யாருடைய ஆயுள் என்று அன்றே கேட்டிருக்கவேண்டும். பெரும்பாலும் அது உத்தரவாதக் காலத்தின் ஆயுள்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தொண்ணூற்றிரண்டாயிரம் கிலோமீட்டரில், ஒரு நீண்ட ஏற்றத்தில், ஆறு பேரின் சாமான்களோடு நின்றது. நின்றது என்றால் சட்டென்று அல்ல. முதலில் என்ஜின் இரைந்தது, வேகம் வரவில்லை. பிறகு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி தன்னைத்தானே காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிட்டது; மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் நகரவில்லை. பின்னால் லாரிகள். ஓரமாக ஒதுங்க இடம் கிடைக்கும்வரை மாமியார் என் சின்ன மகளை மடியோடு அணைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அமைதி இன்றும் எனக்குள் இருக்கிறது. கியர்பாக்ஸை முழுதாக மாற்றவேண்டியிருந்தது. உத்தரவாதம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த வண்டியை ஓட்டியவள் நான். நோட்டில் குறித்தவள் நான். பணம் கட்டியவளும் நான். ஆனால் அந்த மையத்தில் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொன்னது என் கணவரிடம். அவருக்கு டயர் மாற்றவும் தெரியாது, அதை அவரே அவர்களிடம் சொன்னார். அப்போதும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். எழுபதாயிரத்தில் நான் சொன்னதை ஓர் ஆண் சொல்லியிருந்தால் அந்த ஆயிலைத் திறந்தாவது பார்த்திருப்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

சிவிடி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஹோண்டா, நிசான், சுபாரு, மிட்சுபிஷி எல்லோருமே சிவிடி வைத்த எஸ்யூவி விற்கிறார்கள். ஆயிலைக் காலத்தில் மாற்றி, பாரம் ஏற்றி மலையேறாமல் ஓட்டினால் நீண்ட நாள் உழைக்கும் என்பதும் உண்மை. நீங்கள் அப்படி ஓட்டப்போகிறீர்களா என்பதுதான் கேள்வி. பெற்றோரும் குழந்தைகளும் என்றீர்களே, வண்டி எப்போதும் நிறைந்துதான் போகும்.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டிதான் ஹைபிரிட். டொயோட்டா ராவ்-4 ஹைபிரிட்டின் விவரப் பட்டியலில் இ-சிவிடி என்று இருக்கும். பெயர்தான் ஒன்று. உள்ளே பட்டையும் இல்லை, கூம்புக் கப்பியும் இல்லை. நடுவிலுள்ள பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் சுழலும் கோள் கியர் தொகுதி ஒன்றும் இரண்டு மின்மோட்டார்களும்தான். 1997இல் டொயோட்டாவின் பிரியஸ் காரில் வந்த அமைப்பின் வழிவந்தது. தேய்வதற்கு அதில் அதிகம் இல்லை. சிஆர்-வி ஹைபிரிட்டிலும் பட்டை கிடையாது. பெரும்பாலான நேரம் மோட்டார்தான் சக்கரத்தை ஓட்டும், நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் என்ஜினை நேராகச் சக்கரத்தோடு இணைக்கும். மஸ்டா சிஎக்ஸ்-5இல் பழைய பாணி ஆறு கியர் ஆட்டோமேட்டிக். உங்களுக்கு ஹைபிரிட் கட்டுப்படியாகும் என்றால் முதல் இரண்டில் ஒன்று, இல்லையென்றால் சிஎக்ஸ்-5. இது என் தேர்வு.

எதற்கும் குறையே இல்லை என்று நினைக்கவேண்டாம். 2017, 2018 மாடல் சிஆர்-வியின் 1.5 லிட்டர் டர்போ என்ஜினில், குளிர் மிகுந்த இடங்களில் குறுகிய தூரம் ஓட்டும்போது பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலந்தது. சில நாடுகளில் ஹோண்டா உத்தரவாதத்தை நீட்டிக்கவேண்டி வந்தது. 2019 மாடல் ராவ்-4 ஹைபிரிட்டில் எரிபொருள் டாங்க் முழுதாக நிரம்பாத புகார் வந்தது. எந்த ஆண்டு மாடல் என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். புது வடிவம் வந்த முதல் ஆண்டில் வாங்காதீர்கள்; அந்தக் குறைகள் திருத்தப்படும்வரை பொறுங்கள்.

ராவ்-4 ஹைபிரிட் என்றால் பின்னிருக்கையின் கீழே பாட்டரியைக் குளிர்விக்கக் காற்று இழுக்கும் துளை இருக்கிறது. அதில் ஒரு சல்லடை உண்டு. பிஸ்கட் தூளும் துணி இழையும் அங்கேதான் போய்ச் சேரும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் பாட்டரி சூடேறும். இதை விற்பவர்களில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் இப்போது ஓட்டுவது சிஎக்ஸ்-5. நான்கு ஆண்டு பழையதாக வாங்கினேன், முந்தைய உரிமையாளர் ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் வைத்திருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக. பின்னிருக்கை சிஆர்-வியை விட நெருக்கம். மாமியார் ஏறி இறங்கவும் சிஆர்-வியின் கதவுதான் வசதி, அது கிட்டத்தட்ட 90 பாகை திறக்கும். உங்கள் பெற்றோருக்கு முழங்கால் வலி இருந்தால் இதற்கு என் கியர்பாக்ஸ் பேச்சை விட அதிக எடை கொடுங்கள். அவர்களையும் குழந்தை இருக்கைகளையும் ஷோரூமுக்கே கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள். சோதனை ஓட்டத்தில் மெதுவாக ஊர்ந்து ஒரு முறை, மேட்டில் ஒரு முறை. பழைய வண்டியாக இருந்தால் கியர் ஆயில் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ஆயுள் முழுமைக்குமான ஆயில் என்று பதில் வந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.