பெரம்பூர் அம்மாவுக்கு ஒரு பதில்

போன சனிக்கிழமை பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா, பி.எஸ்சி. கணினி அறிவியல் கடைசி வருடம் படிக்கும் மகளோடு வந்தார். கையில் வீட்டுப் பத்திரத்தின் நகல். வெளிநாட்டில் எம்.எஸ். படிக்கக் கடன் வாங்கப் போகிறார்களாம். "பெரியப்பா பையன் போயிட்டான் சார், இவளும் போகணும்னு எல்லாரும் சொல்றாங்க." பயப்படாதீர்கள், நல்லதே நடக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை.

அம்மா, இருக்கிற ஒரே வீட்டை அடகு வைக்காதீர்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை வந்து நிற்கும். அன்றைக்குச் சொந்தக்காரர்கள் வந்து கட்டமாட்டார்கள். அதைவிட முக்கியம், அவளுக்கே போக விருப்பமில்லை. எதில் விருப்பம் என்பதை நீங்களும் பார்த்தீர்கள்.

லேப்டாப்பில் குபெர்னெட்டிஸ் ஓட்டிக் காட்டினாளே, கன்டெய்னர்களை, அதாவது தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி ஓட்டும் நிரல்களை, மேய்க்கும் மென்பொருள் அது. 2014-இல் கூகுள் திறந்த மூலமாக வெளியிட்டது. காசு கொடுக்க வேண்டாம். பாட், சர்வீஸ், டிப்ளாய்மென்ட் என்று, அது கவனித்துக்கொள்ளும் பொருள்களில் சில வகைகள் அதற்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத வகையை நாமே சொல்லிக்கொடுக்கலாம். அதற்குத்தான் கஸ்டம் ரிசோர்ஸ் டெஃபினிஷன், சுருக்கமாக சி.ஆர்.டி. உங்கள் மகள் 'பேக்கப்' என்று ஒரு வகையைச் சேர்த்திருக்கிறாள். எந்த டேட்டாபேஸ், இரவு எத்தனை மணிக்கு என்று யாம்ல் என்ற எளிய உரை வடிவத்தில் நாலு வரி எழுதினால் போதும்.

ஆனால் வகையை மட்டும் சேர்த்தால் அது எழுதிவைத்த குறிப்பாகவே கிடக்கும். வேலை நடக்க ஒரு கன்ட்ரோலர் வேண்டும். கேட்டது என்ன, இருப்பது என்ன என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, குறைவதைச் சரிசெய்வது அதுதான். அதையும் கோ என்ற நிரல்மொழியில், கன்ட்ரோலர் எழுத உதவும் கியூப்பில்டர் கருவியின் துணையோடு அவளே எழுதியிருக்கிறாள். பேக்கப்பைக் குறித்த நேரத்தில் ஓட்டிவிடும் கிரான்ஜாப்பை நம் கண்ணெதிரே கையால் அழித்தாள். மூச்சு விடுவதற்குள் கன்ட்ரோலர் மறுபடி உருவாக்கிவிட்டது. அப்போது அவள் முகத்தைப் பார்த்தீர்களா? உள்ளே வந்ததிலிருந்து குனிந்த தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

இப்படிப் புது வகையும் அதற்கான கன்ட்ரோலரும் சேர்ந்ததற்கு ஆபரேட்டர் என்று பெயர். இணையதளச் சான்றிதழ்களைத் தானாகப் புதுப்பிக்கும் செர்ட்-மேனேஜரும் இதே முறையில் இயங்குவதுதான்.

முதல் வேலையிலேயே ஆபரேட்டர் எழுதக் கொடுப்பது அபூர்வம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர். பக்கம், மென்பொருளை வெளியிட்டு ஓடவைக்கும் டெவ்ஆப்ஸ் வேலையிலோ சப்போர்ட்டிலோ நுழைந்துதான் மேலே வரவேண்டும். அதற்குள் ஃபைனலைசர் (ஒன்றை அழிக்கும் முன் செய்யவேண்டிய துப்புரவை முடிக்கவைப்பது), டெஸ்ட் (எழுதிய நிரலைச் சோதிப்பது) இரண்டையும் நன்றாகப் பழகி, எழுதியதை நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடட்டும். அப்புறம், ஏதாவது ஒரு திறந்த மூல ஆபரேட்டரில் சின்னப் பிழையொன்றைத் திருத்தி அனுப்பட்டும். வேலைக்கு உத்தரவாதம் என்று லட்சம் கேட்கும் பயிற்சி மையத்திலும் சேர்க்காதீர்கள்.

செலவு செய்தே ஆகவேண்டும் என்றால், அவள் லேப்டாப்பில் ரேம் 8 ஜிபிதான் இருக்கிறது. 16 ஆக்கிக் கொடுங்கள். பெரியப்பாவிடம் நான் பேசுகிறேன்.