கட்டிலுக்கு அடியில் போன பேட்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு வரை ஜகார்த்தாவில் வளர்ந்தேன். அப்பாவுக்கு அங்கே வேலை. ராத்திரி எங்கள் சந்திலேயே வலை கட்டி ஷட்டில் ஆடுவார்கள், அப்பாவும் ஆடுவார். என்னைக் கிளப்பில் சேர்த்ததும் அவர்தான். பேட் பையோடு நடந்தால் பெட்டிக்கடைக்காரர்கூட எந்தக் கிளப் என்று விசாரிப்பார். இப்போது திருச்சியில் பிளஸ் ஒன். பேட் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. "இதனால என்ன பிரயோஜனம், கோட்டாவில சீட் கிடைக்குமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இந்தோனேசியர்களுக்கு விளையாட்டை மதிக்கத் தெரியும், நமக்கு அந்தக் கலாசாரமே இல்லை. நான் நினைப்பது சரிதானா? – மாணவி, திருச்சி

பதில்: பாதிதான் சரி, அம்மா. மீதிப் பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவர்கள் கொண்டாடுவது உண்மை. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1945ல் விடுதலையை அறிவித்த நாடு, ஆயிரக்கணக்கான தீவுகள், கையில் காசு இல்லை. 1958ல் ஷட்டிலில் ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பைக்கு முதல்முறையாகப் போனார்கள், சிங்கப்பூரில் மலாயாவை வென்று கோப்பையோடு திரும்பினார்கள். உலகத்துக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்க அந்த நாட்டுக்கு முதலில் கிடைத்த இடங்களில் ஒன்று இந்தக் கோர்ட். அவர்களுடைய ருடி ஹார்டோனோ, ஷட்டிலின் பழம்பெரும் போட்டியான ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை எட்டு முறை வாங்கினார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் சூசி சுசாந்தி பெண்கள் ஒற்றையரிலும் ஆலன் புடிகுசுமா ஆண்கள் ஒற்றையரிலும் தங்கம் வென்றார்கள், நாட்டுக்கே அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம், அந்த இருவரும் பின்னால் கல்யாணமும் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து டோக்கியோ ஒலிம்பிக் வரை இந்தோனேசியா வாங்கிய எட்டுத் தங்கமும் ஷட்டிலில் வந்தவைதான். இப்படிப்பட்ட ஊரில் பெட்டிக்கடைக்காரர் உன் கிளப்பை விசாரிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் ஆட்டத்தை மதிப்பது வேறு, ஆடுகிறவரை மதிப்பது வேறு. சூசியும் ஆலனும் சீன வம்சாவளியினர். அந்த நாட்டில் பிறந்து வளர்ந்திருந்தாலும், சீன வம்சாவளியினர் குடியுரிமையை நிரூபிக்கத் தனியாக ஒரு சான்றிதழ் காட்ட வேண்டும் என்ற நிலை பல வருடம் நீடித்தது. அதே வம்சாவளியில் வந்த ஆட்டக்காரர் ஹெந்த்ராவான் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார், மறு வருடம் உலக சாம்பியன் ஆனார், அப்புறமும் அவர் குடியுரிமைக் காகிதம் நகரவில்லை, 2002ல் அதிபர் மேகாவதி தலையிட்ட பிறகுதான் தீர்ந்தது. 1998 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த கலவரத்தில் சீன வம்சாவளியினரின் கடைகளும் வீடுகளும் எரிந்துகொண்டிருந்தன, பெண்களுக்கு நேர்ந்ததை இங்கே விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. அதே மாதம் ஹாங்காங்கில் இந்தோனேசிய அணி தாமஸ் கோப்பைக்கு ஆடி அதை வென்றது. சூசியும் பெண்கள் அணியில் அங்கேதான் இருந்தார். சொந்த ஊரில் குடும்பம் பத்திரமாக இருக்கிறதா என்ற பயத்தோடு நாட்டின் பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் போவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். "அவர்களுக்கு மதிக்கத் தெரியும்" என்று எழுதுவதற்கு முன்னால் இதுவும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, நமக்குக் கலாசாரமே இல்லை என்கிறாயே, அதற்கு வருகிறேன். நான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். எங்களுக்குப் பேட்மின்ட்டன் என்றால் பூப்பந்துதான். மஞ்சள் நூல் பந்து, கனமான மர பேட், பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சாவூர் அரச குடும்பத்தார் 1850களிலேயே ஆடிய ஆட்டம் என்று சொல்வார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் டிரில் மாஸ்டர், தபால் ஆபீஸ் கிளார்க், ரைஸ் மில் கணக்குப்பிள்ளை எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கோடு அழிந்த இடத்தில் சுண்ணாம்புப் பொடி போடுவது என் வேலை. ஒரு ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள், அந்த ஒரு அழைப்புக்காக நான் தினமும் போய் நின்றேன். இதனால் என்ன பிரயோஜனம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

அப்புறம் கல்லூரிக்குச் சென்னை வந்தேன். பேட்மின்ட்டன் ஆடுவேன் என்றதும் உள்ளரங்கத்துக்கு அழைத்துப் போய் ஒரு பேட்டைக் கொடுத்தார்கள். காகிதம்போல லேசாக இருந்தது. பழக்கத்தில் முழுக்கையையும் வீசினேன், இறகுப்பந்து கூரைக் கம்பியில் போய் மாட்டிக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அது கிராமத்து ஆட்டம்பா, இதுதான் பேட்மின்ட்டன்" என்றான் ஒருவன். எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் ஆடுகிற ஆட்டம் இருநூறு மைல் தள்ளி இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அன்று அழுகை வந்தது. பூப்பந்து ஆடியவன் என்று அதற்குப் பிறகு இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது தப்பு, இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. நீ கடல் தாண்டி வந்து பார்த்த வித்தியாசத்தை நான் ஒரு ராத்திரி ரயில் பயணத்தில் பார்த்துவிட்டேன்.

கோட்டா கேள்வி கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு சீட்டுக்காகப் படாத பாடு பட்டவர்கள், எதைப் பார்த்தாலும் அது சீட்டாக மாறுமா என்று பார்க்கப் பழகிவிட்டார்கள். ஆனால் ஒரு பெண் நன்றாக ஆடுகிறாள் என்றால் முதல் கேள்வி அதுவாக இருக்கக் கூடாது, வந்து ஒரு செட் பார்க்கட்டுமா என்பதாக இருக்க வேண்டும். இடம் இல்லை, வசதி இல்லை என்று சொன்னால், பிரகாஷ் படுகோன் பழகியது பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் என்று சொல். முகூர்த்த நாளில் அங்கே ஆட்டம் கிடையாது. அந்தப் பையன்தான் வளர்ந்து 1980 ஆல் இங்கிலாந்து இறுதி ஆட்டத்தில் உன் இந்தோனேசியாவின் லியம் ஸ்வீ கிங்கை நேர் செட்டில் வென்றார். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று யாராவது இழுத்தால், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஷட்டிலில் பதக்கம் வாங்கிய துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ மூவரும் எந்த ஊர்ப் பெண்கள் என்று கேள். மூவரும் தமிழ்நாடு.

இதெல்லாம் சொந்தக்காரர்களுக்கு. உன் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. ஜகார்த்தாவில் ராத்திரி அப்பாவும் ஆடினார் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவர்களுக்கு இருக்கிறது, நமக்கு இல்லை என்ற பேச்சு உன் வீட்டுக்குள்ளேயே பொய்யாகிவிடுகிறதே! சந்தில் வலை கட்டியிருந்தது, அக்கம்பக்கத்து ஆண்கள் வேலை முடிந்து வந்து ஆடினார்கள், அவரும் ஆடினார், மகளையும் சேர்த்துவிட்டார். இங்கே வந்ததும் வலை இல்லை, எதிர்ப்பக்கம் ஆள் இல்லை, அவரும் நின்றுவிட்டார். உன் பேட் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, சரி. அவருடையது எங்கே இருக்கிறது? இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டி அதைக் கேள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம், வாடகைக் கோர்ட்டோ வீட்டு மொட்டைமாடியோ, எதிர்ப்பக்கம் அவர் நிற்கட்டும்.