சிங்கப்பூர்க் கிளையில் வேலை என்றால்

தொண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "காக்கா, பெரிய பன்னாட்டுக் கம்பெனியின் சிங்கப்பூர்க் கிளையில் என்ஜினீயர் வேலை கிடைத்திருக்கிறது. வாடகை, சாப்பாடெல்லாம் எப்படி? நம்பி வரலாமா?"

வாடகையை நாலு பேர் சேர்ந்து சமாளிக்கலாம். சாப்பாட்டுக்கு, நம் ஆட்கள் கூடும் லிட்டில் இந்தியா பக்கம் தேக்கா இருக்கிறது. அதை விடுங்கள் தம்பி, அந்தக் கிளைக்கு என்ன வேலை என்று விசாரித்தீர்களா?

1998இல் கீழக்கரையிலிருந்து நானும் இப்படித்தான் வந்தேன். பம்பு செய்யும் ஐரோப்பியக் கம்பெனி. ஆர்டரில் 'டிசைன் என்ஜினீயர்' என்று போட்டிருந்தது. வந்து பார்த்தால், பெட்டியில் வரும் பம்பில் பழைய ஸ்டிக்கரை உரித்து உள்ளூர் முகவரி ஸ்டிக்கரை ஒட்டுகிற வேலை. நகக்கண்ணெல்லாம் பசை ஏறிக் கறுத்துப்போகும். ஒரு போல்ட்டை மாற்றவும் தலைமையகத்துக்கு ஃபேக்ஸ். அங்கே விடிந்து பதில் வர எனக்குச் சாயங்காலம் ஆகிவிடும். இரண்டாம் வருடம் கிளையையே மூடிவிட்டார்கள்.

பார்ட்லெட், கோஷல் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1986இலேயே இதை வகை பிரித்து எழுதியிருக்கிறார்கள். சந்தையும் முக்கியம், ஆட்களும் கெட்டிக்காரர்கள் என்றால் கிளைக்குத் தலைமைப் பொறுப்பு. சந்தை சின்னது, ஆள் திறமை உண்டு என்றால் பங்களிக்கும் கிளை. இரண்டும் குறைவென்றால் சொன்னதைச் செய்யும் கிளை, என்னுடையது அதுதான். சந்தை பெரிது, ஆள் பலமில்லை என்றால் அதற்குப் பெயரே கருந்துளை.

கிளையின் தலையெழுத்து மாறவும் செய்யும். ஹெச்பி 1970இல் இங்கே தொடங்கியது உதிரிபாகம் கோர்க்கத்தான். பிற்பாடு இங்க்ஜெட் பிரிண்டரையே இங்கே வடிவமைத்தார்கள். பெருநாளைக்கு ஊருக்கு வந்து, சென்ட் மணக்க, "எங்க கம்பெனி உலகத்துலயே நம்பர் ஒன்" என்பவர்களிடம் உங்கள் கிளை என்ன செய்கிறது என்று கேளுங்கள், முழிப்பார்கள்.

இன்டர்வியூவில் இரண்டே கேள்வி போதும். இங்கே உருவானது எதுவும் வேறு நாட்டுக்குப் போகிறதா? செலவுக்குக் கையெழுத்து யாருடையது? இப்போது நான் இருக்கும் இடத்தில் வால்வு டிசைன் எங்கள் கையில். தலைமையகத்து ஜெர்மன்காரரும் எங்களைக் கேட்டுத்தான் மாற்றுவார்.

எங்கள் வாப்பா சங்கு வியாபாரம். ஓட்டை போட்ட பலகையில் ஒவ்வொரு சங்காக நுழைத்துப் பார்ப்பார். உள்ளே விழுந்தால் சிறிசு, தள்ளுபடி. மீதி மூட்டை மூட்டையாகக் கல்கத்தாவுக்குப் போய் வளையலாகும். அந்த வளையலை அவர் பார்த்ததே இல்லை. என்னோடு தங்க வந்தபோது தேக்காவில் ஒரு வங்காளிப் பெண் கையில் அதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். எனக்குக் கூச்சமாகி, கையைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. "நம்ம கரைச் சங்காத்தான் இருக்கும், நிறத்தைப் பாரு" என்றார்.