ஐந்தாவது குழு

அன்புள்ள சேர்,

நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள், இப்போது மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரையாளர். பீடத்தில் எந்தக் குழு போட்டாலும் தமிழ், பெண், தோட்டம் என்று மூன்றுக்கும் சேர்த்து என் பெயரை எழுதிவிடுகிறார்கள். இப்போது ஐந்தாவது குழு. மறுத்தால் ‘கூப்பிட்டோம், வரவில்லை’ என்பார்கள். ஏற்றால் என் ஆய்வு படுத்துவிடும். என்ன செய்யலாம்?
ச.

அன்புள்ள ச.,

ஐந்தாவதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லும்போதே வேறு இரண்டு பேரின் பெயரை எழுத்தில் கொடுங்கள், ‘ஆள் இல்லை’ என்ற பேச்சுக்கு அப்புறம் இடமிருக்காது. அவர்கள் உங்களைப் போலவே இருக்கவேண்டும் என்றில்லை. வலப்பனைப் பக்கத்து ஏழை விவசாயியின் பிள்ளையாக வந்த சிங்கள விரிவுரையாளர் ஒருவருக்கும் அந்த மேசையில் சொல்ல நிறைய இருக்கும்.

இருக்கிற நான்கு எவை என்று நீங்கள் எழுதவில்லை. பொங்கல் விழா, கலைவிழா, வரவேற்பு என்றால் அதிலும் இரண்டைக் கழற்றுங்கள். பொங்கல் விழாக் குழுவில் தமிழருக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. ஆட்சேர்ப்பு, விடுதி, வசதியில்லாத மாணவருக்கு உதவித்தொகை கொடுக்கும் பர்சரி, இங்கேதான் நம் ஆட்கள் வேண்டும். பர்சரியையே எடுங்கள். நேர்முகத்துக்கு வரச்சொல்லிச் சில இடங்களில் கடிதம் போடுகிறார்கள், வராதவரின் விண்ணப்பம் தள்ளப்படுகிறது, பார்க்க நியாயமான விதிதான். ஆனால் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் தனி முகவரி ஏது? பல தோட்டங்களில் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் கிடந்து, யாராவது பெரட்டில், அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், கொண்டுவந்து கொடுத்தால் உண்டு, அதற்குள் நேர்முகம் முடிந்திருக்கும். லயத்தில் வளர்ந்த ஒருவர் குழுவில் இருந்தால் ‘தொலைபேசியிலும் சொல்லிவிடுங்கள்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார். மற்றவர்கள் கெட்டவர்கள் என்றில்லை, அவர்களுக்கு அது தோன்றாது, அவ்வளவுதான்.

நம் பக்கத்தையும் சொல்லவேண்டும். கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், தோட்டத் தலைவர் என்று தொழிற்சங்கம் நிறுத்துவது பெரும்பாலும் ஆணை, பெண்ணுக்கென்று ‘மாதர் தலைவி’ ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். பல்கலைக்கழகம் உங்களிடம் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி பீடச் சபையில் மாணவர் பிரதிநிதிகள் இருவரும், துறையில் புலமையுள்ள வெளியாட்கள் மூவரும் இருக்கலாம். மாணவர் இருவரையும் மாணவர்களே தெரிவுசெய்வதால் எண்ணிக்கையில் பெரிய கூட்டத்துக்கே இரண்டும் போக வாய்ப்பு அதிகம், அதை யாரும் வாக்கெடுப்புக்கு முன் பேசுவதில்லை. வெளியாட்கள் விஷயம் அப்படியில்லை, அந்த மூவரைத் தெரிவுசெய்வது சபையே. கல்வி சார்ந்த பீடமென்றால், காலமெல்லாம் தோட்டப் பாடசாலையில் அதிபராக இருந்தவரிடம் புலமைக்கு என்ன குறை? உங்களுக்கு வாக்கிருந்தால் அப்படியொருவரை முன்மொழியுங்கள், இல்லாவிட்டால் வாக்குள்ள ஒருவரைப் பிடியுங்கள்.

வைத்துக்கொள்ளும் குழுக்களில் கூட்ட நேரத்தைக் கேளுங்கள். மாலை நாலரைக்குத் தொடங்கி இருட்டும்வரை இழுக்கும் கூட்டத்தில் கைக்குழந்தைக்காரியும், கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவரும் பெயருக்குத்தான் உறுப்பினர்கள். நிகழ்ச்சி நிரலை மூன்று நாள் முன்னதாகக் கேளுங்கள். பேச்சு சிங்களத்திலும் கூட்டறிக்கை ஆங்கிலத்திலும் போனால், நீங்கள் சொன்னது அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்துவதற்கு முன் பாருங்கள். ஏறாவிட்டால் அங்கேயே திருத்தச் சொல்லலாம், அது உறுப்பினரின் உரிமை.

பீடாதிபதியிடம் வாய்ப்பேச்சாக மறுக்காதீர்கள், கடிதமாகக் கொடுத்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.